காய்ச்சலும் பாய்ச்சலும்

நுழையும்முன்

நெல்வயலைப் பார்ப்பவர் கண்ணுக்கு உழவரும் பயிரும் நீரும் தெரிகின்றனர். கண்ணுக்குத் தெரியாத உழைப்பாளிகளும் அவ்வயலில் உண்டு. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்கித் தரும் நுண்ணுயிரிகளே அவர்கள். மண்ணில் இடும் உரமும் வயலில் விடும் நீரும் அவற்றின் வாழ்வை எவ்வாறு மாற்றுகின்றன என்பதையும், அதிலிருந்து வேளாண்மை கற்கவேண்டிய பாடத்தையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கூலி கேளா உழைப்பு

மேட்டூர் அணையின் மதகுகள் திறக்கப்பட்டு, காவிரி நீர் கல்லணையைக் கடந்து வாய்க்கால்களில் இறங்கும்போது டெல்டா மாவட்டங்களின் வேளாண் ஆண்டு தொடங்குகிறது. வெடித்துக் கிடந்த வயல் நீரைக் குடிக்கிறது. சேற்றுழவு நடக்கிறது, பரம்படித்து மண் சமன்செய்யப்படுகிறது, நாற்று நடப்படுகிறது. நட்ட சில நாள்களில் தேங்கிய நீரின்மேல் பச்சை நிறப் படலம் ஒன்று மெல்லப் படர்கிறது. வரப்பில் செல்வோர் அதனைப் 'பாசி' என்று சொல்லிக் கடந்துவிடுவர். அந்தப் பாசியிலும், அதன் அடியிலுள்ள சேற்றிலும், நெல்லின் வேரைச் சுற்றியும் கூலி கேளாத உழைப்பு ஒன்று இரவும் பகலும் நடந்துகொண்டிருக்கிறது.

அவ்வுழைப்பு தொடர்வதும் நின்றுபோவதும் இரண்டு முடிவுகளைப் பொறுத்தவை. மண்ணில் எதனை, எப்போது இடுவது என்பது ஒன்று. நீரை எப்போது தேக்குவது, எப்போது வடிப்பது என்பது மற்றொன்று. இன்று இவ்விரு முடிவுகளும் தனித்தனியே எடுக்கப்படுகின்றன. உரம் கடைவாயிலில் முடிவாகிறது. நீர் மதகடியில் முடிவாகிறது. உரத்தையும் நீரையும் ஒரே முடிவாகக் கருதும் வேளாண்மையே மண்ணின் உயிரைக் காக்கும் என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

தலைக்குமேல் செல்வம்

காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன். ஓர் எக்டேர் வயலின்மேல் நிற்கும் காற்றில் மட்டும் எழுபதாயிரம் டன்னுக்கும் மேற்பட்ட நைட்ரஜன் உள்ளது. எனினும், நெற்பயிரால் அதில் ஒரு துளியையும் நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. நைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டு கிடப்பதே காரணம். அக்கட்டினை அவிழ்த்து, அம்மோனியாவாக மாற்றினால்தான் பயிருக்கு அது தழைச்சத்தாகப் பயன்படும்.

மனிதர் அக்கட்டினை அவிழ்க்கக் கற்றது அண்மையில்தான். ஜெர்மானிய வேதியியலறிஞர் பிரிட்ஸ் ஹேபர் 1909ஆம் ஆண்டு அதனை ஆய்வகத்தில் செய்துகாட்டினார். கார்ல் போஷ் அதனை ஆலைத் தொழிலாக வளர்த்தெடுக்க, 1913இல் ஓப்பாவ் நகரில் முதல் அம்மோனியா ஆலை இயங்கத் தொடங்கியது. வளிமண்டல அழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தமும், 400 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பமும் அதற்குத் தேவைப்படுகின்றன. இன்று கடைகளில் கிடைக்கும் யூரியாவின் பிறப்பிடம் அவ்வகை ஆலையே.

அதே வேலையை நுண்ணுயிரிகள் சேற்றின் இயல்பான வெப்பத்தில், பெரும் அழுத்தம் ஏதுமின்றிச் செய்துமுடிக்கின்றன. அவற்றுக்குத் துணைசெய்வது நைட்ரஜனேஸ் என்னும் நொதி. இந்நொதிக்கு மூன்று இயல்புகள் உண்டு. முதலாவது, உயிர்வளி எனப்படும் ஆக்சிஜன் பட்டால் இது செயலிழந்துவிடும். இரண்டாவது, இது வேலைசெய்ய மிகுந்த ஆற்றல் வேண்டும். மூன்றாவது, இதன் கட்டமைப்புக்கு இரும்பும் மாலிப்டினமும் வேண்டும். நீரும் உரமும் நுண்ணுயிரிகளை ஏன் இவ்வளவு ஆழமாகப் பாதிக்கின்றன என்பதற்கான விடை இம்மூன்று இயல்புகளிலேயே அடங்கியுள்ளது.

வயலில் வாழ்வோர்

நெல்வயலின் நைட்ரஜன் உழைப்பாளிகள் ஓர் இனத்தவர் அல்லர். நீரின் மேற்பரப்பில் நீலப்பசும்பாசிகள் வாழ்கின்றன. கதிரொளியிலிருந்து ஆற்றலைப் பெறும் இவற்றுள் பல, தடித்த சுவருடைய தனிச் செல்களுக்குள் நைட்ரஜனேஸ் நொதியை வைத்து ஆக்சிஜனிடமிருந்து காத்துக்கொள்கின்றன. நீரில் மிதக்கும் சிறு பெரணியாகிய அசோலா, தன் இலைக்குழிகளில் இத்தகைய பாசிக்கு இடமளித்து, அது தரும் தழைச்சத்தைப் பெற்று வளர்கிறது. நெல்லின் வேரை ஒட்டி அசோஸ்பைரில்லம் போன்ற பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. வேர் கசியவிடும் சர்க்கரைப் பொருள்களே அவற்றின் உணவு. ஆழச் சேற்றில் ஆக்சிஜனே வேண்டாத பாக்டீரியாக்கள், மட்கும் வைக்கோலையும் தாளையும் உண்டு வாழ்கின்றன. மண்ணிலுள்ள இரும்பைப் பயன்படுத்தி மூச்சுவிடும் பாக்டீரியாக்களும் நைட்ரஜனை நிலைநிறுத்துவதில் பெரும்பங்கு வகிப்பதை ஜப்பானிய நெல்வயல்களில் அண்மைய ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன.

இந்த அறிவின் தொடக்கத்தில் ஓர் இந்தியரின் பெயர் இருக்கிறது. நெல்வயல்களில் நைட்ரஜனை நிலைநிறுத்துவதில் நீலப்பசும்பாசிகளுக்கு உள்ள பங்கினை பி.கே. டே 1939ஆம் ஆண்டிலேயே ஆய்ந்து வெளியிட்டார். உரமிடாத வயலிலும் ஆண்டுதோறும் நெல் விளைவது எப்படி என்னும் பழங்கேள்விக்கு அது தெளிவான விடையாக அமைந்தது.

பிலிப்பைன்ஸ் நாட்டின் லாஸ் பானோஸ் நகரில் அமைந்த பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 1960களின் தொடக்கத்தில் நீண்டகால ஆய்வொன்றைத் தொடங்கியது. ஒரே நிலத்தில் ஆண்டுக்கு இரண்டு, மூன்று போகம் என்று தொடர்ந்து நெல் பயிரிடப்பட்டது. அதில் நைட்ரஜன் உரம் சிறிதும் இடப்படாத பாத்திகளும் உண்டு. அப்பாத்திகளில் விளைச்சல் குறைவே. ஆனால், அக்குறைந்த விளைச்சல் பல பத்தாண்டுகளாக வீழாமல் நின்றது. அறுவடைதோறும் மண்ணிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட தழைச்சத்தை ஈடுசெய்ததில் நுண்ணுயிரிகளின் பங்கே பெரிது. நீர் தேங்கும் நெல்வயல் தன்னைத் தானே ஓரளவு காத்துக்கொள்ளும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

நீர் வகுக்கும் வீடு

ஒரு கண்ணாடிக் குவளையில் வயல் சேற்றை இட்டு, அதன்மேல் நீர் ஊற்றிச் சில நாள்கள் வைத்தால், சேற்றின் மேற்பரப்பில் செம்பழுப்பான மெல்லிய அடுக்கும் அதன்கீழ்ச் சாம்பல் நிற அடுக்கும் தோன்றும். நீரின் வழியே இறங்கும் ஆக்சிஜன் சில மில்லிமீட்டர் ஆழம்வரையே செல்கிறது. அதற்குக் கீழே ஆக்சிஜன் இல்லா உலகம். நெல்லின் வேர்கள் தம் தண்டின் காற்றறைகள் வழியே ஆக்சிஜனைக் கீழே கொண்டுசென்று தம்மைச் சுற்றி மட்டும் சிறு வளையமாகக் கசியவிடுகின்றன. இவ்வாறு ஒரே வயலில் மூவகை வாழ்விடங்கள் அமைகின்றன. நுண்ணுயிரிகளுக்கு அவ்வீட்டை வகுத்துத் தருவது நீரே.

நீர் வற்றினால் வீடு கலைகிறது. நீலப்பசும்பாசி உலர்கிறது, அசோலா மடிகிறது, காற்று புகுந்த சேற்றில் ஆக்சிஜன் வேண்டாத உயிர்கள் ஒடுங்குகின்றன. ஆதலால், எப்போதும் நீரைத் தேக்குவதே நன்று என்று எண்ணத் தோன்றும். அவ்வெண்ணம் முழுமையானது அன்று. இடைவிடாது நீர் தேங்கும் சேற்றில் மீத்தேன் வளியை உண்டாக்கும் நுண்ணுயிரிகளும் பெருகுகின்றன. புவியை வெப்பமாக்குவதில் மீத்தேன், கரியமில வளியைவிட நூறாண்டுக் கணக்கில் 27 மடங்கு வலியது. டெல்டாவின் கடைமடைக்கோ ஆழ்துளைக் கிணற்றை நம்பிய வயலுக்கோ இடைவிடாமல் நீர் தேக்கும் வாய்ப்பும் இல்லை.

தமிழ் உழவர் இதற்கொரு வழியைப் பெயரிட்டே வைத்திருக்கின்றனர். அதுவே 'காய்ச்சலும் பாய்ச்சலும்'. தேங்கிய நீர் மறைந்த பின்னும் சில நாள் பொறுத்து, மண் நுண்வெடிப்பு காணும் நிலையில் மறுமுறை நீர் பாய்ச்சுவது இம்முறை. துளையிட்ட குழாயொன்றை வயலில் புதைத்து, அதற்குள் நீர்மட்டம் மண்பரப்பிலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே இறங்கியதும் நீர் பாய்ச்சுமாறு பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் இம்முறைக்கு அளவுகோல் வகுத்துள்ளது. அவ்வளவுவரை வேர்கள் ஈரத்தை எட்டிப் பிடித்துக்கொள்ளும். நட்ட முதல் இரு வாரங்களும் பூக்கும் காலமும் இதற்கு விலக்கு. அப்போது நீர் நிற்கவேண்டும். இம்முறையால் பாசன நீர் மிச்சமாகிறது. மீத்தேன் பெருமளவு குறைகிறது.

காய்ச்சலிலும் ஓர் இழப்பு உண்டு. மண் காயும்போது அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுகிறது. மறுபடி நீர் தேங்கும்போது வேறுவகைப் பாக்டீரியாக்கள் அந்நைட்ரேட்டை நைட்ரஜனாகவும் நைட்ரஸ் ஆக்சைடாகவும் மாற்றி வானில் விட்டுவிடுகின்றன. ஒரு கூட்டம் காற்றிலிருந்து இறக்கி வைத்ததை மற்றொரு கூட்டம் காற்றுக்கே ஏற்றி அனுப்புகிறது. மண்ணில் அவ்வேளையில் எவ்வளவு தழைச்சத்து தனித்துக் கிடக்கிறது என்பதே அவ்விழப்பின் அளவைத் தீர்மானிக்கிறது. இங்கேதான் நீரின் கதைக்குள் உரம் நுழைகிறது.

மண்ணுக்கு இடுவன

மண்ணில் இடும் ஒவ்வொரு பொருளும் நுண்ணுயிரிகளுக்கு ஒரு செய்தி. யூரியா சொல்லும் செய்தி, 'உங்கள் உழைப்பு தேவையில்லை' என்பது. சுற்றிலும் அம்மோனியம் மிகுந்திருக்கும்போது இவ்வுயிரிகள் நைட்ரஜனேஸ் நொதியை உண்டாக்குவதையே நிறுத்திக்கொள்கின்றன. எளிதாகக் கிடைப்பதற்காக எவரும் ஆற்றலைச் செலவிடுவதில்லை, நுண்ணுயிரியும் அப்படியே. நுண்ணுயிர் உரத்தை இட்ட கையோடு யூரியாவையும் தூவுவது, ஆளை வேலைக்கு அமர்த்திவிட்டு வாயிலை அடைப்பதற்கு ஒப்பாகும்.

வைக்கோலும் தாளும் வேறு செய்தியைச் சொல்கின்றன. அவற்றில் கரிமம் மிகுதி, தழைச்சத்து குறைவு. ஆற்றல் கையில் இருக்கிறது, தழைச்சத்து இல்லை என்னும் நிலையில் நுண்ணுயிரிகள் காற்றை நாடுகின்றன. வைக்கோலை மண்ணுக்குத் திருப்பித் தருவது நைட்ரஜன் நிலைநிறுத்தலைத் தூண்டுவது இதனால்தான். அறுவடைக்குப்பின் தாளுக்குத் தீவைக்கும் வயலில் அவ்வாற்றல் புகையாகிறது. தாளிலிருந்த தழைச்சத்திலும் பெரும்பகுதி அதனோடு போய்விடுகிறது.

மட்கிய தொழு உரமும், கோடையில் வயலில் ஆட்டுக்கிடை கட்டுவதால் சேரும் புழுக்கையும், ஏரியிலிருந்து அள்ளிவந்து இடும் வண்டலும் நுண்ணுயிரிகளுக்கு உறைவிடமும் உணவும் ஆகின்றன. தக்கைப்பூண்டு, சணப்பை, கொழிஞ்சி முதலிய பசுந்தாள் பயிர்கள் தம் வேர்முடிச்சுகளில் ரைசோபியம் வகைப் பாக்டீரியாக்களைத் தாங்கி நைட்ரஜனைச் சேர்க்கின்றன. பூக்கும் பருவத்தில் மடக்கி உழும்போது அதனை நெல்லுக்குக் கொடையாகத் தருகின்றன. பாசியும் அசோலாவும் தழைச்சத்தைத் தாமே ஈட்டிக்கொண்டாலும் மணிச்சத்து இல்லாமல் வளர்வதில்லை. மணிச்சத்து குறைந்த நீரில் அசோலா சிவந்து குன்றிப்போவதை உழவர் கண்டறிவர். அமில நிலத்தில் சுண்ணாம்பு இடும்போது மண்ணில் கட்டுண்ட மாலிப்டினம் விடுபட்டு நைட்ரஜனேஸ் நொதிக்குக் கிடைக்கிறது. களர் நிலத்தில் ஜிப்சம் இட்டு, நல்ல நீரைத் தேக்கி வடிக்கும்போது மண்ணின் இறுக்கம் தளர்கிறது.

ஜிப்சத்தை இட்டு நீரை வடிக்காமல் விட்டால், இட்ட பயன் இல்லை. மண் சீர்திருத்தப் பொருள் தனித்து வேலைசெய்வதில்லை. நீரோடு சேர்ந்தே செய்கிறது என்பதை எளிய இந்த எடுத்துக்காட்டே உணர்த்தும்.

தெரிந்து தெளிவோம்

பயறுவகைச் செடிகளுக்குப் பொதுவாக வேரில்தான் முடிச்சுகள் தோன்றும். ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மணிலா அகத்திக்கோ வேரில் மட்டுமன்றித் தண்டிலும் முடிச்சுகள் தோன்றுகின்றன. வயலில் நீர் தேங்கி வேர் மூழ்கினாலும் தண்டின் முடிச்சுகள் நைட்ரஜனைத் தொடர்ந்து நிலைநிறுத்தும். ஆகவே, நீர் தேங்கும் தாழ்ந்த வயல்களுக்கு இது ஏற்ற பசுந்தாள் பயிராகும்.

இரண்டும் ஒரு முடிவே

உரமும் நீரும் ஒன்றையொன்று அறியாமல் நடந்தால், நல்ல செயல்களே தீய விளைவைத் தரும். வைக்கோலை மண்ணுக்குத் தருவது நல்லது. ஆனால், நீர் நிறைந்த சேற்றில் பச்சை வைக்கோலை அமிழ்த்தி உடனே நட்டால் அது மீத்தேன் நுண்ணுயிரிகளுக்கு விருந்தாகிறது. காய்ச்சலும் பாய்ச்சலும் நல்லது. ஆனால், யூரியாவைத் தூவிய மறுநாள் வயலைக் காயவிட்டால் விலைகொடுத்து வாங்கிய தழைச்சத்து வானுக்குப் போகிறது. பாசி வளர்வது நல்லது. ஆனால், பாசி படர்ந்த நீர் நண்பகலில் காரத்தன்மை மிகுந்து விளங்குவதால், அந்நீரில் மேலோட்டமாகத் தூவிய யூரியா அம்மோனியாவாக ஆவியாகிறது. நெல்வயலில் தூவப்படும் யூரியாவின் தழைச்சத்தில் பயிருக்குச் சேர்வது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்று சொல்லப்படுவதன் பின்னணி இதுவே.

ஒரே முடிவாக எடுக்கப்படும் பருவம் வேறுவகையில் அமையும். தாளைக் கோடை ஈரத்திலேயே மடக்கி உழுதால், நீர் வருமுன் காற்றோட்டத்தில் அதில் பாதி மட்கிவிடும். நட்ட ஒரு வாரத்திற்குள் அசோலாவையோ நீலப்பசும்பாசியையோ இட்டால், நீர் நிற்கவேண்டிய தொடக்க வாரங்களே அவை பெருகும் வாரங்களாகும். அசோலா வயலை மூடியபின் களையெடுக்கும்போது அதனைச் சேற்றில் மிதித்து, அதிலிருந்து முதல் காய்ச்சலைத் தொடங்கலாம். யூரியா தேவைப்படும் அளவைப் பிரித்து, நீரை வடித்த சேற்றில் இட்டு, உடனே நீர் பாய்ச்சினால் அது மண்ணுக்குள் இறங்கும். இவற்றுள் எதுவும் புதிய பொருளை வேண்டுவதன்று. வரிசையை மட்டுமே வேண்டுகிறது.

இவ்வரிசை தமிழருக்குப் புதிதும் அன்று. உழுத புழுதியைக் கால்பங்காகச் சுருங்கும்வரை காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாமல் விளையும் என்று உழவு அதிகாரத்தில் கூறும் வள்ளுவர், அடுத்த குறளிலேயே உழுவதைவிட எருவிடுதல் நன்று என்றும், களைநீக்கம், நீர், காவல் ஆகியவற்றின் வரிசையையும் கூறுகிறார். மேலோட்டமாக நோக்குவோர்க்கு இவ்விரண்டும் முரணாகத் தோன்றலாம். காய்ந்த மண் நனையும்போது, அதில் மடிந்த நுண்ணுயிரிகளின் உடலிலிருந்தும் மட்குப் பொருளிலிருந்தும் தழைச்சத்து விடுபடுகிறது என்பது இன்றைய அறிவியல் கண்ட உண்மை. அவ்வாறு விடுபடுவது மண் சேர்த்துவைத்த முதல். முதலை எடுத்துக்கொண்டே இருந்து எருவைத் திருப்பித் தராவிட்டால் மண் ஏழையாகும். காயவிடுதலையும் எருவிடுதலையும் அடுத்தடுத்து வைத்ததில் உழவின் முழுமை இருக்கிறது.

இரு மறுப்புகள்

இக்கருத்துக்கு இருபுறமிருந்தும் மறுப்பு எழக்கூடும். நுண்ணுயிரிகள் தருவது மிகச் சிறிது என்பது முதல் மறுப்பு. எக்டேருக்கு ஆறு டன் நெல் விளைய ஏறத்தாழ 90 முதல் 120 கிலோ தழைச்சத்து வேண்டும். நெல்வயலின் நுண்ணுயிரிகள் ஒரு போகத்தில் தருவது பொதுவாக 30 கிலோ அளவே. இக்கணக்கு சரியே. எனினும், 30 கிலோ தழைச்சத்து என்பது 45 கிலோ எடையுள்ள யூரியா மூட்டையில் ஏறத்தாழ ஒன்றரை மூட்டையில் உள்ளதற்குச் சமம். தூவும் யூரியாவில் பெரும்பகுதி வீணாவதையும் சேர்த்து எண்ணினால், அதன் மதிப்பு இன்னும் உயரும். ஒவ்வொரு போகத்திலும் ஒவ்வோர் எக்டேரிலும் கிடைக்கும் கொடையைச் சிறிதென்று தள்ளுவது கணக்கறிந்தோர் செயல் ஆகாது.

நுண்ணுயிரிகளே போதும், வேதி உரத்தை முற்றிலும் விலக்கலாம் என்பது எதிர்ப்புறத்து மறுப்பு. இதற்கு அண்டை நாட்டின் பட்டறிவே விடை கூறும். இலங்கை 2021ஆம் ஆண்டின் முற்பகுதியில் வேதி உர இறக்குமதிக்குத் திடீரெனத் தடைவிதித்தது. நெல் விளைச்சல் சரிந்தது. உழவர் வீதிக்கு வந்தனர். அவ்வாண்டு நவம்பரிலேயே தடை தளர்த்தப்பட்டது. பல ஆண்டுகளாக யூரியாவில் பழகிய மண்ணில் நுண்ணுயிரிகளின் குடி ஒரே பருவத்தில் மீண்டும் செழித்துவிடாது. அதற்குக் கரிமம் வேண்டும், நீர் வேண்டும், காலமும் வேண்டும். மண்ணைக் காக்கும் நோக்கம் உயர்ந்ததே. காலத்தைக் கருதாத நோக்கம் உழவரின் தட்டிலிருந்தே சோற்றை எடுத்துவிடும்.

பாரம் யார் தோளில்?

இவற்றையெல்லாம் உழவர் அறிந்து செய்யவேண்டும் என்று கூறி முடித்துவிடுவது எளிது, நேர்மை ஆகாது. கடைமடை உழவருக்கு நீர் எப்போது வரும் என்பதே தெரியாது. வந்தபோது தேக்கிக்கொள்ளாவிட்டால் அடுத்த முறை வருமோ என்னும் அச்சத்தில் அவர் வயலை நிரப்பிக்கொள்கிறார். காய்ச்சலும் பாய்ச்சலும் செய்வதற்கு, வயலைக் காயவிடும் துணிவு வேண்டும். வேண்டும்போது நீர் வரும் என்னும் நம்பிக்கையே அத்துணிவைத் தரும். ஆகவே, நீர்விடும் நாளை முன்கூட்டி அறிவித்து அதன்படியே முறைப்பாசனம் நடத்துவதும், வாய்க்கால்களைக் காலத்தில் தூர்வாருவதும் நுண்ணுயிரிகளைக் காக்கும் செயல்களே.

விலையும் இங்கே பேசுகிறது. ஒரு மூட்டை யூரியா உழவருக்கு 270 ரூபாய்க்கும் குறைவாகக் கிடைக்கிறது. அதன் உண்மை விலையில் பெரும்பகுதியை அரசு மானியமாகச் சுமக்கிறது. உழவரின் சுமை குறைய அம்மானியம் தேவையே. ஆனால், பசுந்தாள் பயிரை 45 நாள் வளர்த்து மடக்கி உழும் உழவருக்கு அந்நாள்களின் நிலமும் நீரும் உழவுக்கூலியும் செலவுதான். மூட்டையில் வரும் தழைச்சத்துக்கு உதவும் கை, மண்ணில் விளையும் தழைச்சத்துக்கும் நீளவேண்டும். தமிழக அரசின் 2024–2025ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டம் பசுந்தாள் உரவிதைகளை வழங்க முன்வந்தது இத்திசையில் நல்லதோர் அடி. அவ்விதை முளைக்க நடவுக்குமுன் சிறிது நீரும் உறுதியாகக் கிடைத்தால்தான் அவ்வடி நடையாக மாறும்.

வேளாண் ஆலோசனையும் மாறவேண்டும். மண் ஆய்வு அட்டை, தழைச்சத்து எவ்வளவு, மணிச்சத்து எவ்வளவு என்று எண்களைத் தருகிறது. அவ்வெண்களுக்குப் பக்கத்தில், இந்நிலத்தில் நீர் எத்தனை நாள் நிற்கும், தாள் என்னவாகிறது, சென்ற போகத்தில் பசுந்தாள் இடப்பட்டதா என்னும் வினாக்களும் இடம்பெறவேண்டும். உரப் பரிந்துரையும் நீர்ப் பரிந்துரையும் ஒரே தாளில், ஒரே நாள்காட்டியாக உழவர் கைக்கு வரவேண்டும்.

முடிவுரை

வயலில் தெரியும் பச்சைப் படலத்தைப் பாசி என்று கடந்துபோவதும், அதனை ஓர் உழைப்பாளியின் முகமாகக் காண்பதும் பார்வையின் வேறுபாடே. அவ்வுழைப்பாளி கேட்பவை மிகச் சில. வாழ நீர் வேண்டும். உண்ண மட்கும் தழையும் வேண்டும். வேண்டாத வேளையில் யூரியா குறுக்கிடாமை வேண்டும். இவற்றைத் தரும் முடிவு உரக்கடையில் தனித்தும் மதகடியில் தனித்தும் எடுக்கப்படுவதாக இருக்கக்கூடாது. வரப்பில் நின்று, மண்ணையும் நீரையும் ஒருசேர நோக்கி எடுக்கப்படும் முடிவாக அது அமையவேண்டும். அவ்வாறு அமையும் நாளில், தலைக்குமேல் நிற்கும் காற்றின் செல்வம் நெல்மணியாய்க் களத்துமேட்டில் குவியும்.